நாணம் அறியாத உடலுக்கு ஆடை

ஆடை யாருக்காக என்று கேட்டால், உடுத்துகிறவருக்காக என்றே எவரும் விடை கூறுவர். 60 ஆண்டுகளுக்கு மேலாக நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றின் பள்ளியில் சென்ற ஆண்டு நடந்த விஞ்ஞானக் கண்காட்சி அந்த எண்ணத்தை அசைத்துவிட்டது. அங்கே ஆடை உடுத்திக்கொண்டது மனிதப் பிறவியன்று; ஓர் இயந்திரம். அந்த ஆடையைத் தைத்தவர் என் மாமு மகன். எனக்கு மச்சான் முறை. அவ்வூரில் 35 ஆண்டுகளாகத் தையற்கடை வைத்திருப்பவர்.

கண்காட்சிக்கென்று பள்ளியினர் ஓர் இயந்திர மனிதனை வாடகைக்கு வரவழைத்திருந்தனர். மனிதன் என்று பெயரே தவிர, அதன் முகமும் இடையும் பெண்ணுருவாகவே செய்யப்பட்டிருந்தன. கால்களுக்குப் பதிலாகச் சக்கரங்கள். கழுத்து திரும்பும், தோளும் முழங்கையும் அசையும், கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லும். முதல் நாள் மாலையில் அதைப் பார்வையிட வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "பெண்ணாட்டம் இருக்கு. பொம்பளைப் பிள்ளைகள் படிக்கிற இடம். இப்படியே மேடையிலே நிறுத்துறது அழகில்லையே" என்றார். அவர் சொன்னதில் பிழையிருப்பதாக அங்கிருந்த எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உடனே மச்சானுக்கு ஆள் போயிற்று.

மச்சான் அளவு நாடாவுடன் வந்தார். பெண்களுக்குப் பர்தா தைக்க எடுக்கும் அளவுகளையே எடுத்தார்: தோள், கைநீளம், கழுத்திலிருந்து தரை. இயந்திரத்தைக் கொண்டுவந்திருந்த இளைஞர் வெளியூர்க்காரர். "பாய், முதுகிலே காத்து போற துளை இருக்கு, அதை மட்டும் அடைச்சிடாதீங்க" என்றார். "சரி தம்பி, அந்த இடத்திலே வலைத்துணி வைச்சிடுறேன்" என்றார் மச்சான். இருவரும் தத்தம் தொழிலில் தேர்ந்தவர்களே. ஆயினும் ஒருவர் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. மற்றவர் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இரவோடு இரவாகத் தரையைத் தொடும் கறுப்பு அங்கியும், முன்புறம் தொங்கும் தலைத்துணியும் தயாராகிவிட்டன.

மறுநாள் காலை. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பூச்செண்டு கொடுக்க மேடை ஏறினாள். இயந்திரம் ஸலாம் சொல்லிக் கையை உயர்த்தியது. உயர்த்திய வேகத்தில் தலைத்துணியின் ஒரு முனை தோள் மூட்டின் இடுக்கில் புகுந்துகொண்டது. மனிதக் கையாயிருந்தால் அந்த இழுப்பை உணர்ந்து நின்றிருக்கும். இதுவோ, உயரச் சொன்ன அளவுக்கு உயர்ந்தே தீருவேன் என்று மேலும் இழுத்தது. துணியின் மறுமுனையைச் சிறுமி பிடித்திருந்தாள். பிள்ளைகள் அருகில் நிற்பவரின் முந்தானையைப் பிடிப்பது இயல்புதானே! துணி அவள் விரல்களைச் சுற்றிக்கொண்டு மேலே போயிற்று. அவள் அலறினாள். இளைஞர் ஓடிவந்து நிறுத்தும் பொத்தானைத் தேடினார். அது இடுப்பின் பின்புறத்தில், அங்கிக்கு உள்ளே இருந்தது. அங்கியைத் திரட்டித் தூக்கும் அந்த நேரத்தில் மச்சான் மேடைமேல் பாய்ந்து கத்தரிக்கோலால் துணியை வெட்டினார். இவ்வளவுக்கும் இடையில் அந்த முகம் புன்னகை மாறாமல் ஸலாம் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

அல்லாஹ்வின் அருளால் பெரிய காயமில்லை. இரண்டு விரல்களில் தோல் உரிந்து வீங்கியிருந்தது. பெரியவர் கண் கலங்கி, பிள்ளையின் தலையைத் தடவி ஓதி ஊதினார். மச்சான் மட்டும் அன்று பகல் முழுவதும் சோறு தொடவில்லை. "மனுசப் பிறவிக்குத் தைக்கிற மாதிரித் தைச்சுப்புட்டேன் மச்சான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சொற்களே இக்கட்டுரைக்குக் காரணம்.

மனிதப் பிறவிக்குத் தைப்பது என்றால் என்ன? திருக்குர்ஆனின் ஏழாம் அத்தியாயமாகிய அல் அஃராஃபில், ஆதமுடைய மக்களை விளித்து, வெட்கத் தலங்களை மறைப்பதற்கும் அலங்காரத்துக்கும் ஆடையை அருளியதாக இறைவன் நினைவூட்டுகிறான். இறையச்சம் என்னும் ஆடை அவற்றினும் மேலானது என்கிறான். பதினாறாம் அத்தியாயமாகிய அந்நஹ்லில், வெப்பத்திலிருந்தும் போர்த் தாக்குதலிலிருந்தும் காக்கும் உடைகளைத் தன் அருட்கொடைகளுள் எண்ணிக் காட்டுகிறான். மறைத்தல், அழகு, காப்பு என்று ஆடைக்கு மூன்று பயன்கள். இம்மூன்றும் உடுத்துகிறவரையே நாடி நிற்கின்றன. ஆதம் நபியும் அன்னை ஹவ்வாவும் சுவனத்தின் இலைகளால் தம்மை மூடிக்கொள்ள முனைந்த வரலாற்றில், முதலில் வந்தது வெட்கம். இலை பின்னர்தான் வந்தது. இயந்திரத்துக்கு இந்த வரிசை பொருந்தாது. அதற்கு வெட்கம் இல்லை; ஆகவே மறைக்க வேண்டிய தலமும் இல்லை. தன் அழகில் அதற்கு மகிழ்ச்சி இல்லை. குளிர் அதை வருத்தாது. வெப்பமோ அதன் உள்ளிருந்தே வருகிறது. விசைப்பொறிகளும் மின்கலமும் சூடேறும்போது அந்தச் சூட்டை வெளியேற்றியாக வேண்டும். நமக்குக் காப்பாகிற போர்வை அதற்கு நோயாகிவிடுகிறது.

அப்படியானால் அதற்கு ஆடையே வேண்டாம் என்று முடித்துவிடலாமா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இயந்திர மனிதர்களைச் செய்கிறவர்களே இன்று துணியைத் தேடிப் போகிறார்கள். 2025 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபிகர் என்னும் நிறுவனம் வெளியிட்ட மூன்றாவது வடிவத்தின் உடலில், விரல் நசுங்கக்கூடிய இடங்களில் மெத்தென்ற நுரைப்பொருளை வைத்து, மேலே துணியால் மூடியிருக்கிறார்கள். அந்தத் துணியைக் கருவி எதுவுமின்றிக் கழற்றித் துவைக்கலாம். வீட்டு வேலைக்கென்று வந்திருக்கும் நியோ என்னும் மற்றொன்றுக்குப் பின்னலாடைதான் மேற்தோல். நாணத்துக்காகவோ நாகரிகத்துக்காகவோ செய்ததன்று இது. பக்கத்தில் தவழும் குழந்தையின் விரலுக்காகச் செய்தது. அதாவது அந்த ஆடையை உடுத்தியிருப்பது இயந்திரம். அதனால் காக்கப்படுவதோ எதிரில் நிற்கும் மனிதர். மச்சான் தைத்த அங்கி இயந்திரத்தை மூடியது, குழந்தையைக் காக்கவில்லை. வேறுபாடு இதுதான்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் மாணவனுக்கு முதல் நாளிலேயே சொல்லித் தருகிறார்கள்: தொங்கும் கை வைத்த சட்டை கூடாது, கழுத்தில் துண்டு கூடாது. பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகில் ஏறுகிறவர்கள் கைலியை மடித்து இறுகக் கட்டிய பின்னரே வலையிழுக்கும் வின்ச் அருகே போகிறார்கள். சுழல்வதன் அருகே தொங்குவது ஆகாது என்பது நம் கடற்கரைக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டிய பாடமன்று. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தருகே சேலை சிக்காதிருக்க வைத்திருக்கும் தடுப்பைப் பாருங்கள். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி, பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி அதை மூடச் சொல்கிறது. பெண்கள் சேலையைக் கைவிட வேண்டும் என்று எவரும் சட்டம் செய்யவில்லை. துணிக்கு ஏற்ப இயந்திரத்தைத் திருத்தினார்கள். நாங்களோ அந்தப் பள்ளியில் தொங்கும் துணியைக் கொண்டுபோய்ச் சுழலும் மூட்டின் மேலேயே போர்த்தினோம். எல்லோரும் படித்தவர்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. உருவம் மனிதரைப் போல் இருந்ததால் அது இயந்திரம் என்பதை மறந்துபோனோம்.

வேலைக்கேற்ற உடை எப்படி இருக்கும் என்று அறிய விரும்புவோர் சின்னப்பாலத்திலும் பாரதிநகரிலும் கடற்பாசி எடுக்கும் தாய்மாரைப் பார்க்க வேண்டும். சேலையை இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஆண்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு, பாறை கிழிக்காதிருக்க விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றிக்கொண்டு மூழ்குகிறார்கள். அந்த உடையை எந்தக் கடையும் விற்கவில்லை. கடலும் உடம்பும் சேர்ந்து தைத்த உடை அது. மானமும் காப்பும் அதில் ஒன்றையொன்று தள்ளவில்லை.

இப்போது வேறோர் உடலை நினைத்துப் பார்க்கிறேன். அதுவும் அசைவறியாத உடல். அதற்கும் பிறரே உடுத்த வேண்டும். என் வாப்பா மௌத்தான அன்று, குளிப்பாட்டிய மூவரில் நானும் ஒருவன். வெதுவெதுப்பான தண்ணீர், இடுப்புக்கு மேல் ஒரு துணி, எங்கள் கண்ணிலிருந்தும் மறைப்பதற்கு. குளிப்பாட்டுகிறவர் தம் கையில் துணியைச் சுற்றிக்கொண்டே உள்ளே கையை நுழைத்தார். உடம்பைப் புரட்டுகையில், "மெதுவா, மெதுவா" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். உணர்வில்லாத உடலுக்கு ஏன் மெதுவாக? இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். ஆண்களுக்கு மூன்று துணி, பெண்களுக்கு ஐந்து என்று கஃபன் அளவும் நமக்குத் தெரியும். அந்தத் துணி மையித்தின் உரிமை. நாம் அளிக்கும் பரிசன்று. நம்மேல் உள்ள கடன்.

மையித்தை உடுத்துவதையும் இயந்திரத்தை உடுத்துவதையும் ஒப்பிடுவது மரியாதைக் குறைவென்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. ஆயினும் உடுத்துகிற கைகளுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையாக இருப்பதைக் கேட்டு நான் வியந்தேன். இரு காலில் நடக்கும் இயந்திர மனிதர்களில் பல, மின்சாரத்தை நிறுத்தியதும் மூட்டுகள் தளர்ந்து துவண்டு விழுந்துவிடும். சீனத்து யூனிட்ரீ நிறுவனத்தின் ஜி1 என்னும் சிறிய வகையே ஏறக்குறைய 35 கிலோ எடையும் 130 சென்டிமீட்டர் உயரமும் உடையது. ஆகவே உடுத்துவதற்கு முன் அதை ஒரு சட்டத்தில் தொங்கவிட வேண்டும், அல்லது இருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். மின்கலத்தைக் கழற்றி, தற்செயலாகவும் உயிர்பெறாது என்று உறுதி செய்துகொண்ட பின்னரே சட்டைக் கைக்குள் அதன் கையைச் செலுத்த வேண்டும். மனிதனைப் போல் அது தோளைச் சுருக்கித் தராது. அதனால் முன்புறமோ பின்புறமோ முழுக்கத் திறக்கும்படி தைத்து, வெல்க்ரோவோ டிச் பட்டனோ வைப்பதே முறை. பிறகு, மெதுவாகக் கையை அசைக்க வைத்து, துணி எங்கே சுருங்குகிறது, எங்கே இடுக்கில் நுழையப் பார்க்கிறது என்று கவனிக்க வேண்டும். இங்கும் "மெதுவா, மெதுவா" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கைகளுக்கு வேலை ஒன்றேயானாலும் கடன் ஒன்றல்ல. மையித்திடம் மென்மை காட்டுவது அது ஒரு மனிதராயிருந்ததற்காக. இயந்திரமோ மனிதராயிருந்ததும் இல்லை, ஆகப்போவதும் இல்லை. அதனிடம் காட்டும் மென்மை உடுத்துகிறவரின் விரலுக்காக, நாளை அதன் கையைப் பிடிக்கப்போகும் குழந்தைக்காக. இதை மனத்தில் வைத்தால் எதை மறைக்கலாம், எதை மறைக்கலாகாது என்பது எளிதில் பிரிந்துவிடுகிறது. நசுக்கும் மூட்டை மறைக்கலாம், மறைக்கவும் வேண்டும். நிறுத்தும் பொத்தானை மறைக்கக்கூடாது. கண்ணாக அமைந்த கேமராவையும், தூரமறியும் கருவியையும், காற்றுத் துளையையும் மூடக்கூடாது. கண்ணை மூடிய இயந்திரம் எதிரில் நிற்பவரைக் காணாது. இவற்றோடு இன்னொன்றையும் நான் சேர்ப்பேன்: அது இயந்திரம் என்ற உண்மையை மறைக்கக்கூடாது. இதைப் பாதுகாப்பு விதியாக யாரும் எழுதி வைத்திருப்பதாக நான் காணவில்லை. ஆனால் அந்தச் சிறுமி துணியைப் பிடித்தது ஏன்? பர்தாவுக்குள் ஒரு டீச்சரம்மா இருப்பதாக அவள் உடம்பு நம்பிவிட்டது. இயந்திரம் என்று அறிவு சொல்லும். பழகிய உடையைக் கண்ட கை அதைக் கேட்பதில்லை.

அரபு நாடுகளில் நடந்த இரண்டு செய்திகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். சபுர் சென்று வாழ்ந்த குடும்பங்கள் நிறைந்த நம் பகுதியில் ஒட்டகப் பந்தயத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் குறைவு. அந்த ஒட்டகங்களின் முதுகில் ஒரு காலத்தில் குழந்தைகளே அமர்த்தப்பட்டனர். பாகிஸ்தான், பங்களாதேஷ், சூடான் போன்ற ஏழை நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் அவர்கள். எடை கூடாதிருக்கப் பலருக்கு உணவே குறைத்துக் கொடுக்கப்பட்டது. ஓட்டத்தில் விழுந்து உறுப்பிழந்தோரும் உயிரிழந்தோரும் உண்டு. 2005ஆம் ஆண்டில் கத்தாரும் ஐக்கிய அரபு அமீரகமும் இதைத் தடை செய்தன. யூனிசெஃப் அமைப்புடன் சேர்ந்து அமீரகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தத்தம் நாட்டுக்குத் திருப்பியனுப்பியது. குழந்தையின் இடத்தில் ஓர் இயந்திரத்தை வைக்கத் தீர்மானித்துக் கத்தார் ஒரு சுவிட்சர்லாந்து நிறுவனத்தை நாடியது.

இயந்திரம் வந்தது, ஒட்டகம் மிரண்டது. முதுகில் பழகிய உருவம் ஒன்று, இப்போது ஏறுவது வேறொன்று. ஆகவே அந்த இயந்திரங்களுக்குப் பந்தயப் பட்டுச் சட்டை போட்டார்கள், தொப்பி வைத்தார்கள், கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். ஓட்டிகளிடம் வழக்கமாக வீசிய அத்தரைக்கூடப் பூசினார்கள் என்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் அடைத்தது. ஒட்டகத்தை ஏமாற்றியது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டையின் உள்ளே ஒரு குழந்தை இல்லாமல் போனதே, அதைவிட வேறென்ன வேண்டும்? காலப்போக்கில் ஒட்டகங்கள் பழகிவிட்டன. இயந்திரமும் சில கிலோ எடையுள்ள சிறு பெட்டியாகச் சுருங்கிவிட்டது. உரிமையாளரின் வண்ணத்தைக் காட்டும் சட்டை மட்டும் இன்னும் அதன்மேல் இருக்கிறது.

மற்றொரு செய்தி ரியாத் நகரில் 2024 மார்ச்சில் நடந்தது. சவூதி நாட்டின் நீண்ட வெள்ளை அங்கியும் தலைத்துணியும் அணிவித்து ஓர் ஆணுருவ இயந்திரத்தை மேடையருகே நிறுத்தியிருந்தார்கள். முஹம்மது என்று அதற்குப் பெயர். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்த செய்தியாளர்ப் பெண்ணின் பின்புறம் நோக்கி அதன் கை நீண்டது. அந்தப் படம் உலகமெங்கும் சுற்றியது. கண்ணியமற்ற செயலென்று சிலர் கொதித்தனர். சிலர் கேலி செய்தனர். இயந்திரம் இயங்க வேண்டிய விதத்திலேயே இயங்கியது என்றார்கள் செய்தவர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். பேசும்போது கையை அசைக்கும்படி அமைத்திருந்தால் அது அசைத்திருக்கும், அவ்வளவே. அது கெட்ட நோக்கத்துடன் செய்ததன்று. நல்ல நோக்கமும் அதற்கு இராது. கையெட்டும் தூரத்தில் ஒரு பெண்ணை நிற்கவிட்டது யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கண்ணியமான உடையைக் கண்டதும் கண்ணியமான மனிதர் நிற்பதாக எல்லோரும் எண்ணி, இரும்புக் கைக்கு விட வேண்டிய இடைவெளியை விடாமற் போனார்கள் என்பது என் ஊகம். நாங்கள் பள்ளியில் செய்த பிழையும் இதுவே. அந்தப் பெயரை இயந்திரத்துக்கு வைத்தது பற்றி எனக்குத் தனியாக ஒரு வருத்தம் உண்டு, அது நிற்க.

இதே ரியாதில் 2017 அக்டோபரில் சோஃபியா என்னும் பெண்ணுருவ இயந்திரத்துக்குக் குடியுரிமை வழங்குவதாக அறிவித்தபோது, அந்நாட்டுப் பெண்கள் அணியும் அபாயா அதற்கு மட்டும் ஏன் இல்லை என்று பலர் கேட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் மும்பை ஐ.ஐ.டி. விழாவுக்கு வந்தபோது அதற்குச் சேலை உடுத்தியிருந்தார்கள். அங்கே ஏன் மூடவில்லை என்று கேள்வி. இங்கே நம் உடையில் வந்ததே என்று மகிழ்ச்சி. போகிற ஊரின் கண்ணுக்கு ஏற்ப ஆடை மாறிற்றே ஒழிய, அந்த உடலுக்கென்று ஒரு தேவை எங்கும் பேசப்படவில்லை. அபாயா உடுத்தும் பெண்ணுக்கு அதில் ஒரு தீர்மானமும் வணக்கமும் இருக்கின்றன. அவற்றை நீக்கிவிட்டு அதே துணியை இரும்பின்மேல் போர்த்துவதால் துணிக்குப் பெருமை கூடிவிடுமா? எங்கள் மூமா காலத்தில் வெள்ளைத் துப்பட்டி இல்லாமல் பெண்கள் தெருவில் இறங்கியதில்லை. அந்தத் துப்பட்டியை மூமா மடித்து வைக்கும் அழகை நினைக்கிறேன். இயந்திரத்துக்குப் போர்த்தியிருந்தால் அவர் கோபித்திருக்க மாட்டார், சிரித்திருப்பார்.

உருவம் கூடுமா, கூடாதா என்ற மார்க்கச் சட்டத்துக்குள் நான் நுழையவில்லை. அது உலமாப் பெருமக்களின் துறை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுள் துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததையும், அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்ததையும் மட்டும் நினைவூட்டுகிறேன். அந்தக் குதிரை பறக்கும் என்று அந்த வீட்டில் எவரும் நம்பவில்லை.

இயந்திரப் பணியாள் என்னும் கற்பனையும் நமக்குப் புதிதன்று. 1206ஆம் ஆண்டளவில் தியார்பக்கிர் நகரின் அர்துகீ மன்னருக்காக அல்ஜஸரீ எழுதி முடித்த இயந்திர நூலில், ஒளூச் செய்யத் தண்ணீர் ஊற்றும் பணியாள் உருவம் ஒன்று உண்டு. ஒரு கையில் கூஜா. மறு கையில் துவாலையும் கண்ணாடியும். நூலின் பழைய பிரதிகளில் வண்ண உடையோடு அதை வரைந்திருக்கிறார்கள். ஒளூவின்போது அடிமையோ பணிப்பெண்ணோ தம் கையில் நீரூற்றுவதை மன்னர் விரும்பாததால் இத்தகைய கருவிகளைச் செய்யச் சொன்னதாக வரலாறு. ஒட்டகத்தின் முதுகிலிருந்து குழந்தையை இறக்கியதும், மன்னரின் முன்னிருந்து அடிமையை விலக்கியதும் எனக்கு ஒரே வகையைச் சேர்ந்தவையாகவே தோன்றுகின்றன. மனிதரைச் சிறுமைப்படுத்தும் வேலையை எடுத்துக்கொள்ள வரும் இயந்திரம் எந்த வண்ணச் சட்டை போட்டு வந்தாலும் வரவேற்கலாம்.

கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்துக் கடுவாயில் தங்ஙள் அறக்கட்டளைப் பள்ளியில், 2024இல் ஐரிஸ் என்னும் ஆசிரியை இயந்திரத்தைச் சேலை உடுத்தி வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். அதன் படத்தைப் பேத்தியின் கைபேசியில் மச்சானுக்குக் காட்டினேன். விபத்துக்குப் பின் ஒரு வாரம் ஆகியிருந்தது. மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் படத்தை விரலால் பெரிதாக்கி, சேலைக் கரைக்கும் சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு இடமிருக்கிறது என்றுதான் பார்த்தார். "முந்தானையை எங்கே செருகியிருக்காங்கன்னு தெரியலையே மச்சான்" என்றார்.

கண்காட்சி மூன்று நாள் என்பது முதலில் போட்ட திட்டம். விபத்தன்றே மூடிவிட்டார்கள். அடுத்த மாதம் வேறு வகுப்புகளுக்காக மீண்டும் அதே இயந்திரத்தை வரவழைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, அந்தப் பெரியவரே, "வரட்டும். உடுப்பு வேணுமா வேணாமான்னு தையக்காரரும் அந்தத் தம்பியும் பேசி முடிவு செய்யட்டும்" என்றார். நல்லெண்ணத்தோடு சொன்ன ஒரு சொல்லைத் திரும்பப் பெறுவதற்கும் ஒரு பெருந்தன்மை வேண்டும்.

இருவரும் கடையில் உட்கார்ந்து ஒரு பகல் முழுவதும் பேசினார்கள். நான் தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டு கேட்டிருந்தேன். இந்த முறை அந்த இளைஞர் பொத்தான் எங்கே, கேமரா எங்கே, மின்கலம் எங்கே என்று ஒவ்வொன்றாகச் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டினார். மச்சான், "கை எது வரைக்கும் போகும்? எவ்வளவு வேகத்திலே போகும்? நடுவிலே தடுத்தா நிக்குமா?" என்று கேட்டார். "நிக்காது பாய்" என்றார் அவர். "அப்போ தோளுக்குத் துணியே வேணாம். முழங்கை இடுக்கிலே மட்டும் மெத்தை வைச்சு உறை போட்டுடுவோம், உடம்போட ஒட்டினாப்பலே." தலைத்துணி இல்லை, தொங்கும் அங்கி இல்லை. பின்புறம் முழுக்கத் திறக்கும் ஒரு மேற்சட்டை. வேகமாக இழுத்தால் பிய்ந்து வந்துவிடும்படி வெல்க்ரோ. எளிதில் தீப்பிடிக்காத துணி. பொத்தானைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு வட்டம் வெட்டி ஓரம் அடித்தது. கறுப்பு வேண்டாம், இயந்திரமென்று தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று மஞ்சள் நிறத்தைத் தேர்ந்தார்கள்.

அளவெடுக்கும்போது அந்தச் சிறுமியையும் வரச்சொல்லியிருந்தார் மச்சான். விரல் ஆறியிருந்தது. அவள் உம்மா வாசலிலேயே நின்றார். "இங்கே நில்லும்மா. பூக்கொடுக்கிற மாதிரிக் கையை நீட்டு" என்றார். அவள் தயங்கித் தயங்கி நீட்டினாள். நாடாவை இயந்திரத்தின் மேல் வைக்காமல் அவளுடைய விரல் நுனியிலிருந்து தோள் வரைக்கும், பிறகு உள்ளங்கை உயரத்திலிருந்து தரை வரைக்கும் அளந்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அளவு நோட்டில் குறித்துக்கொண்டார். பெயர் எழுத வேண்டிய இடத்தில் அவள் பெயரையே எழுதினார்.